அச்சுறுத்தலும் உறுக்குதலும்

மிரட்டல், வெருட்டல், அச்சுறுத்தல், உறுக்குதல் என்பன இக்காலத்து ஒருபொருட் கிளவிகளாகவே வழங்கப்படுகின்றன. அவற்றின் வேற்றுமை அறியாதொழியின், இறைவன் முனிவையும் கொடியோன் முனிவையும் ஒன்றெனக் கொள்ளும் பிழை நேருமாதலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மிரள் என்னுந் தன்வினையினின்று மிரட்டும், வெருளினின்று வெருட்டும் பிறவினையாய்ப் பிறந்தன. மாடு மிரளும், மான் வெருளும். எனவே, அறிவு கலங்கச் செய்தலே இச்சொற்களின் உட்கிடை. மருளினின்று மருட்டு வருதலும் நோக்குக. அச்சுறுத்தல் அச்சத்தை உறுவித்தலெனப் பொதுப்பட நிற்கும். தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில், அச்சம் பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் அரசனையும் வைத்தெண்ணினார். திருவள்ளுவனாரும் அரசனை நோக்கியே ‘வெருவந்த செய்யாமை’ என 57-ஆம் அதிகாரம் வகுத்தார். காக்குங் கையே நடுக்குவிக்குங் கையாதல் உலகியலிற் பெரிதும் நிகழ்தலின் போலும்! நாவுக்கரசரைப் பல்லவன் நீற்றறையாலும் நஞ்சாலும் யானையாலும் ஒறுத்தமை சைவருலகம் நன்கறிந்தது.

உறுக்குதல் இவற்றின் வேறு. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் சுபக்கத்தில், சொற்கேளா மகவைப் பெற்றோர் கடிதலைக் கூறுமிடத்து ‘உறுக்கி’ என்னுஞ் சொல்லையே பெய்து, ஈசன் முனிவும் அத்தன்மைத்தெனக் காட்டினார். உறுக்கலின் பயன் கேட்போனைச் சாரும். மிரட்டலின் பயன் மிரட்டுவோனையே சாரும். மறக்கருணை என நம்மனோர் கூறுவது முன்னதையே.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு மேற்பார்வையாளர், “காப்புறை அணியாது பொறியிற் கை வையாதே” எனச் சினந்து கூறின், அஃது உறுக்கல். “சங்கத்திற் சேரின் வேலை போம்” எனின், அது மிரட்டல். இதனைக் ‘கண்டிப்பு’ என்று பெயர் மாற்றி வழங்குவாரும் உளர். சொல்லை மாற்றியவளவிற் செயல் மாறிவிடுமோ? 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்கிதையின் 351-ஆம் பிரிவும், ஒருவன் உடல், புகழ், உடைமைகட்குக் கேடு சூழ்வதாகக் கூறி, அவன் சட்டப்படி செய்தற்குரியதைத் தடுக்கக் கருதுதலைக் குற்றமென்கின்றது. ஆண்டும் கருத்தே அளவுகோலாதல் காண்க.

இனி, அச்சுறுத்தலின் மறுதலை யாதெனின், ‘அஞ்சேல்’ என்றலாம். திருவாலங்காட்டினின்று சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்துள்ள ஆடவல்லான் செப்புத்திருமேனியில் அச்சொல்லை அமைத்த கரம் உரைக்கின்றது. மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்தில் அக்கரத்திற்குக் காத்தற்றொழிலை உரித்தாக்கினார். மற்றொரு கையிலே அழித்தற்றீ எரிகின்றது.