தொட்டியில் வெள்ளைப் பூஞ்சணம்: தடுப்பது எப்படி?

செம்பருத்தித் தண்டு ஒன்றை வெட்டி, மட்கு உரம் நிரப்பிய தொட்டியில் நட்டு, பிளாஸ்டிக் பையால் மூடி வீட்டுக்குள் வைக்கிறீர்கள். ஒரு வாரத்தில் மண்ணின்மேல் பஞ்சு போல ஏதோ வெள்ளையாகப் படர்கிறது. உடனே தண்டைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். அது ஏன் வந்தது என்று முதலில் அறிவோம்.

எங்கிருந்து வருகிறது?

பூஞ்சணத்தின் நுண்வித்துகள் காற்றிலும் மட்கு உரத்திலும் எப்போதும் உள்ளன. பூஞ்சணத்துக்குப் பச்சையம் கிடையாது. தன் உணவைத் தானே தயாரிக்க இயலாது. மட்கும் இலை, மரத்தூள் போன்றவற்றைச் சிதைத்தே அது வாழ்கிறது. மூடிய தொட்டியில் உணவு, ஈரம், வெப்பம், அசையாத காற்று ஆகிய நான்கும் அதற்குக் கிடைத்துவிடுகின்றன.

இந்த வெள்ளைப் பூஞ்சணம் பெரும்பாலும் உயிருள்ள தண்டைத் தாக்குவதில்லை. ஆனால், ஈரம் மிகுந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். மண்துகள்களின் இடைவெளிகளை நீர் அடைத்துக்கொண்டால் உயிர்வளி குறையும். தண்டின் வெட்டுப்பகுதி அழுகும். சாம்பல் நிறப் பூஞ்சணமோ உதிர்ந்த இலையில் தொடங்கித் தண்டுக்கும் பரவக்கூடியது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வேர் இல்லாத தண்டு போதிய நீரை உறிஞ்சாது. இலைகளோ நீராவியை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே, தண்டுக்கு ஈரக்காற்று தேவை. பூஞ்சணத்துக்கும் அதுவே பிடிக்கும். காற்றின் ஈரத்தைக் காத்து, மண்ணின் ஈரத்தையும் பூஞ்சணத்தின் உணவையும் குறைப்பதே தீர்வு.

செய்யவேண்டியவை

1. வேர்விடும்வரை தண்டுக்கு உரம் தேவையில்லை. மட்கு உரத்துக்குப் பதிலாகத் தென்னைநார்த் தூளையும் பெர்லைட்டையும் சம அளவில் கலந்து பயன்படுத்துங்கள்.

2. கலவையின்மேல் கொதிநீர் ஊற்றி, வடியவிட்டு, நன்கு ஆறிய பிறகு நடுங்கள். பழைய தொட்டியைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

3. கீழ் இலைகளை அகற்றுங்கள். மண்ணில் புதையும் இலையே முதலில் அழுகும்.

4. கலவையை ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஓரிரு துளி மட்டும் சொட்டினால் ஈரம் சரி.

5. தினமும் பத்து நிமிடம் பையைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். நேரடி வெயில் படாத, வெளிச்சமான இடத்தில் வையுங்கள்.

6. தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டுங்கள். ஏடிஸ் கொசுவும் அங்கே முட்டையிடும்.

வந்துவிட்டால்?

பூஞ்சணத்தை ஊதாதீர்கள், வித்துகள் பறக்கும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. சிறிது நீர் தெளித்து, மேல்மண்ணைக் கரண்டியால் வழித்தெடுத்துப் பையில் கட்டி எறியுங்கள். மேற்பரப்பு காயும்வரை நீர் ஊற்றவேண்டாம். தண்டு உறுதியாக இருந்தால் அது பிழைக்கும். அடிப்பகுதி கறுத்துக் குழைந்திருந்தால், அழுகலுக்கு மேலே நல்ல பகுதியில் வெட்டிப் புதிய கலவையில் நடுங்கள்.

மாணவர்களே, செய்து பாருங்கள்

ஒரே செடியின் ஒரே நீளமுள்ள ஆறு கற்பூரவல்லித் தண்டுகளை எடுங்கள். மூன்றை மட்கு உரத்திலும் மூன்றை நார்த்தூள் கலவையிலும் நடுங்கள். நீர், வெளிச்சம், மூடி எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டு வாரம் பூஞ்சணத்தையும் தண்டின் நிலையையும் குறித்துவாருங்கள். இதில் தற்சார்பு மாறி எது, கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை?