சுவர்ப் பூச்சு உதிர்ந்தால்

நம் வீட்டு வெளிச்சுவரின் சிமெண்டுப் பூச்சு உதிர்ந்தால், உடனே சாந்து குழைத்தல் வேண்டா. நீர் எங்கிருந்து புகுகின்றது என்பதை முதலில் கண்டறிவோம். கூரை ஒழுகுவதையும், சுவரடியில் மழைநீர் தேங்குவதையும் சீர்செய்யாவிடில், புதுப் பூச்சும் உதிரும். பணமும் உழைப்பும் வீணாகும்.

பின்னர், சுத்தியலின் காம்பால் சுவரை மெல்லத் தட்டிப் பார்ப்போம். வெற்றுக் குடம்போல் ஒலிக்கும் இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்துள்ளது. அவ்விடம் சிறிதாயின், உறுதியான ஓரம்வரை செதுக்கி, தூசு நீக்கி, நீர் தெளித்துப் பூசலாம். சுவரின் பெரும்பகுதி அவ்வாறாயின், முழுவதையும் பெயர்த்துப் பூசுவதே சிக்கனம்.

சிமெண்டு 1 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 6 பங்கு போதும். சிமெண்டு மிகுந்தால் பூச்சு சுருங்கி வெடிக்கும். பூசியபின் 3 நாள் ஈரம் காப்போம்.

செங்கல்லும் பிளந்திருப்பின், அதனைப் பூச்சால் மறைக்காது, தோட்ட நிர்வாகத்திற்கு உடனே அறிவிப்போம்.