பாரம் இழுக்கும் பிக்கப்புக்கு ரேடியேட்டர் வாங்கும்போது



நமது தோட்டங்களில் சில குடும்பங்கள் பழைய பிக்கப் ஒன்றை வைத்துத் தொழில் செய்கின்றன. ஊழியர் சேமலாப நிதிப் பணத்தையும் நகை அடகு வைத்த காசையும் போட்டு வாங்கிய வாகனம் அது. பின்னால் டிரெயிலரைக் கொழுவி, மரக்கறி மூட்டை, விறகு, தண்ணீர் டாங்கி என்று இழுக்கிறார்கள். இரவில் லயத்தில் யாருக்காவது வருத்தம் கடுமையானால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் சில சமயம் அதே பிக்கப்தான். ஆகவே ரேடியேட்டர் பழுதாகி மாற்ற வேண்டி வந்தால், எதைப் பார்த்து வாங்குவது என்பதை இந்தப் பாடத்தில் படிப்போம்.

ஏன் மலை ரோட்டில் அதிகம் சூடாகிறது?

இஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்கள் வழியாக இறங்கும்போது காற்றுப் பட்டு ஆறுகிறது. கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு டிரெயிலரோடு ஏறும் பிக்கப்பை நினைத்துப் பாருங்கள். சின்ன கியரில் இஞ்சின் கடுமையாக வேலை செய்கிறது. வேகமோ குறைவு, எனவே முன்னாலிருந்து வரும் காற்றும் குறைவு.

உயரமும் ஒரு காரணம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1868 மீற்றர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகையில் அல்ல, சுமார் 94 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அமுக்கத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் கொதிப்பதில்லை. 0.9 என்று எழுதிய நல்ல மூடி இருந்தால் அங்கேயும் சுமார் 115 பாகை வரை தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் எவ்வளவு விலையான ரேடியேட்டர் போட்டும் பிரயோசனமில்லை.

வாங்குமுன் பழுது எங்கே என்று பாருங்கள்

"ரேடியேட்டர் போச்சு, பெரிசா ஒண்ணு போட்டா சரியாயிடும்" என்று சிலர் சொல்வார்கள். கேட்டவுடன் சல்லியைக் கொடுத்துவிடாதீர்கள். மூடி, விசிறி பெல்ட், தேர்மோஸ்டட், வோட்டர் பம்ப், ஹோஸ் ஆகியவற்றை முதலில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கராஜில் அமுக்கம் கொடுத்துப் பார்த்தால் கசிவு தெரியும். இஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி விடாமல் வந்தாலோ, ஒயில் பால்போல வெளுத்திருந்தாலோ ஹெட் கஸ்கட் பழுதாக இருக்கலாம். அதற்கு ரேடியேட்டர் மாற்றுவது மருந்தல்ல. கோரின் ஒரு பகுதி சூடாகவும் ஒரு பகுதி குளிராகவும் இருந்தால் உள்ளே அடைப்பு உண்டு. அப்போது ரேடியேட்டரில் வேலை இருக்கிறது.

மூன்று வழிகள்

1. பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டருக்குப் புதுக் கோர் போடுவது. பாரம் கூடியது. ஆனால் பிறகு கசிந்தால் ஈயம் வைத்து ஒட்டலாம். கரடுமுரடான தோட்டப் பாதைக்கு இது நல்லது.

2. அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டாங்கியும் உள்ள புதியது. பாரம் குறைவு, நன்றாக ஆறும். ஆனால் பல வருடம் போனால் பிளாஸ்டிக் வெடிக்கும். அதை ஈயத்தால் ஒட்ட முடியாது.

3. கொழும்பு பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் கிடைக்கும் பாவித்த ரேடியேட்டர். விலை குறைவு, உள்ளே எவ்வளவு அடைப்பு என்று கண்ணுக்குத் தெரியாது. டிரெயிலர் இழுப்பவர்கள் சோதித்துப் பார்க்காமல் இதை வாங்கக் கூடாது.

கடைக்குப் போகும்போது

பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். கோரின் உயரம், அகலம், தடிப்பு, மேல் கீழ் ஹோஸ் வாயின் அளவு, அவை எந்தப் பக்கம், பிடிக்கும் காதுகள் எங்கே என எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். இஞ்சின் இலக்கத்தையும் சொல்லுங்கள். ஒரே மாடலில் பெற்றோலுக்கும் டீசலுக்கும் ரேடியேட்டர் வேறுபடலாம்.

அலுமினியக் கோர்கள் 16, 26 மில்லிமீற்றர் எனப் பல தடிப்புகளில் வரும். பாரம் இழுக்கும் வாகனத்துக்குத் தடித்தது நல்லது. ஆனால் விசிறியில் முட்டாமல் இடம் இருக்க வேண்டும். வரிசைக் கணக்கை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அகலமான குழாயுள்ள இரண்டு வரிசை அலுமினியம், ஒடுங்கிய குழாயுள்ள மூன்று வரிசைச் செம்புக்குச் சமமாக வேலை செய்யலாம். காற்றுத் தகடுகள் மிக நெருக்கமாக இருந்தால் சேறும் சருகும் சீக்கிரம் அடைக்கும்.

ஒட்டோ கியர் வாகனமென்றால் கியர் ஒயிலை ஆற்றும் இரண்டு குழாய் வாய்களும் ரேடியேட்டரில் இருக்க வேண்டும். டிரெயிலர் இழுப்பதானால் தனியாக ஒரு ஒயில் கூலரும் போடுவது நல்லது.

பூட்டும்போது

விசிறியைச் சுற்றியுள்ள கூட்டைக் கழற்றி வீசிவிடாதீர்கள். மெதுவாக ஏறும்போது காற்றைக் கோர் முழுவதும் இழுப்பது அதுதான். தேர்மோஸ்டட்டையும் அகற்ற வேண்டாம். புது மூடியும், பழுதான ஹோஸ்களுக்குப் புது ஹோஸும் போடுங்கள். பழைய துருவைக் கழுவிய பிறகே புதியதைப் பூட்ட வேண்டும்.

பீலித் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டினால் உள்ளே துருப்பிடிக்கும். கூலன்ட்டும் வடித்த நீரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். கசிவை அடைக்க மஞ்சள் தூள் போடுவது நல்ல குழாய்களையும் அடைத்துவிடும். கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. சோடாப் போத்தலில் ஊற்றி வைத்துப் பிள்ளைகள் கையில் கிடைக்க விடாதீர்கள். கழிவைப் பீலிப் பக்கமோ ஓடையிலோ கொட்டாதீர்கள்.

வழியில் கொதித்தால்

பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பிக்கப்புக்கும் டிரெயிலருக்கும் சில்லுக்குக் கல் வையுங்கள். ஆட்களை இறக்கி, பள்ளப் பக்கம் நிற்க விடாதீர்கள். இஞ்சின் நன்றாக ஆறும்வரை மூடியில் கை வைக்க வேண்டாம். ஆவி முகத்தில் அடித்தால் கண்ணே போய்விடலாம். சூடான இஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். ஹெட் வேலைக்குப் போகும் பணம் ரேடியேட்டருக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு.

மீட்டல் வினாக்கள்

1. ரேடியேட்டர் வாங்குமுன் பரிசோதிக்க வேண்டிய ஐந்து பாகங்கள் எவை?
2. நுவரெலியாவில் தண்ணீர் ஏன் சீக்கிரம் கொதிக்கிறது? மூடி அதற்கு என்ன செய்கிறது?
3. உங்கள் வீட்டு வாகனம் எவ்வளவு பாரம் இழுக்கிறது? எந்த ஏற்றத்தில் அதிகம் சூடாகிறது? எழுதி வைத்து, கராஜ் பாஸிடம் காட்டுங்கள்.