சாவி கைமாறினால் விற்பனை முடிந்ததா?

கீழ் கோத்தகிரியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டச் சாலைகளில், பெரிய முன்சக்கரமும் உயர்ந்த அடிப்பாகமும் கொண்ட அட்வென்ச்சர் பைக்குகள் ஓடத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. 2016-இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தார் 411 சி.சி. ஹிமாலயனைச் சென்னையிலிருந்து கொண்டுவந்தார்கள். 2018-இல் ஓசூரில் உற்பத்தியான பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஜி.எஸ். வந்தது, 2020-இல் கே.டி.எம். 390 அட்வென்ச்சர் வந்தது. அன்று ஆசையோடு வாங்கியவர்களில் பலர் இன்று விற்கும் நிலைக்கு வந்திருக்கிறார்கள். ஒருவருக்குக் குடும்பம் பெருகிக் கார் அவசியமாயிற்று. ஒருவருக்கு வெளியூரில் உத்தியோகம் கிடைத்தது. இன்னொருவர் 2023 நவம்பரில் வெளிவந்த ஹிமாலயன் 450-இடம் மனத்தைப் பறிகொடுத்தார். விற்கத் தீர்மானித்தவுடனே நாலு பக்கத்திலிருந்தும் நாலு விதமான அபிப்பிராயங்கள் வந்து சேருகின்றன. அவற்றுள் சில, விற்பவருக்குச் சில ஆயிரம் ரூபாய் நஷ்டத்தை உண்டாக்குவதோடு நின்றுவிடும். ஒன்று மட்டும் அவரை நீதிமன்றம் வரை இழுத்துச் செல்லக்கூடியது. அந்த ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்வதற்கு முன்னால், யந்திரத்தைப் பற்றிய நம்பிக்கைகளைப் பார்த்துவிடலாம்.

"மலையில ஓடுன வண்டிங்களாண்ணா? என்ஜின் வீக்கா இருக்குமே" என்று கோயமுத்தூரிலிருந்து வருகிறவர் பேச்சைத் தொடங்குவார். விற்கிறவரும் அதை ஒப்புக்கொண்டது போலத் தலையைக் குனிந்து, விலையில் ஐயாயிரமோ பத்தாயிரமோ இறங்கிவிடுவார். இறங்க வேண்டிய அவசியமே இல்லை. கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தில் இருப்பதைக் காட்டிலும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் அதனோடு சேர்ந்து எரியக்கூடிய பெட்ரோலும் குறைகிறது. சக்தியும் அந்த அளவுக்குக் குறைகிறது. இது எந்தப் புது வண்டிக்கும் பொது. தொடக்கத்தில் விற்பனையான கார்புரேட்டர் ஹிமாலயன்களில் இன்னொரு சங்கடமும் உண்டு: காற்று இளைத்துவிட்டதைக் கார்புரேட்டர் அறியாது, ஆகவே அது பெட்ரோலை அதிகமாகவே கொடுத்துக்கொண்டிருக்கும், பிளக் கறுக்கும், ஏற்றத்தில் வண்டி திணறும். அதே வண்டி மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் தெளிவாக ஓடும். 2017-க்குப் பின் வந்த ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில், சென்சார்கள் காற்றின் அளவைக் கண்டு பெட்ரோலைத் தாமே திருத்திக்கொள்கின்றன. எனவே, இங்கே ஓட்டிப் பார்த்து இழுவை போதவில்லை என்று சொல்பவரிடம், விற்பவர் இந்தக் காரணத்தைப் பொறுமையாக விளக்கிச் சொல்வதே நியாயம்.

இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே இறங்கினால் என்ஜின் கெடும் என்ற எண்ணமும் இதைச் சேர்ந்ததே. உண்மை இதற்கு நேர் எதிரானது. கியரில் இறங்கும்போது என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. இன்ஜெக்ஷன் வண்டிகளில் அந்தச் சமயத்தில் பெட்ரோல் அநேகமாகத் தடைப்பட்டே போகிறது. நியூட்ரலில் உருட்டி இறங்குகிறவரின் வண்டியில்தான் பிரேக் பேடும் டிஸ்க்கும் காலத்துக்கு முன்பே தேய்கின்றன. விரல் நகத்தை டிஸ்க்கின் முகத்தின் மீது நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மெல்ல நகர்த்திப் பாருங்கள். பேட் படாத ஓரத்தில் ஒரு சிறு வரம்பு நகத்தைத் தடுக்கும். அந்த வரம்பு உயர உயர, நடுப்பாகம் அத்தனை தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். டிஸ்க் எந்தக் கனத்துக்குக் கீழே போகலாகாது என்பதை உற்பத்தியாளர்கள் அதிலேயே பொறித்திருப்பார்கள். பிரேக் ஆயிலையும் கவனிக்க வேண்டும்: அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுள்ளது; ஈரம் ஏறிய ஆயில் நீண்ட இறக்கத்தின் சூட்டில் கொதித்துவிட்டால் லீவர் கைக்குள் அமுங்கிப்போகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அதை மாற்றியதற்கு ரசீது வைத்திருப்பவர், மலை வண்டியை விற்கிறோம் என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

குறைந்த கிலோமீட்டர் ஓடிய வண்டியே உத்தமமானது என்பது சமவெளியில் ஓரளவு பொருந்தலாம். நம் ஊரில் பொருந்துவது அரிது. வீட்டிலிருந்து கடைவீதிக்கும், கடைவீதியிலிருந்து இலை எடை போடும் கொட்டகைக்கும் மட்டுமே ஓடுகிற வண்டி, குளிர்காலத்தில் முழுச் சூட்டை ஒருபோதும் அடைவதில்லை. என்ஜினுக்குள் படியும் நீராவி வெளியேற அவகாசமின்றி ஆயிலோடு கலந்து, ஆயில் மூடியின் உட்புறத்தில் வெண்மையான குழம்பு போல ஒட்டிக்கொள்கிறது. வாங்க வந்தவர் மூடியைத் திறந்து அதைப் பார்த்ததும், கேஸ்கெட் போய் ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது என்று பயந்து எழுந்து போய்விடுகிறார். 411 சி.சி. ஹிமாலயன் காற்றினாலும் ஆயிலினாலும் குளிரும் என்ஜின். அதில் ரேடியேட்டர் தண்ணீரே கிடையாது, ஆகவே கலக்கவும் வழியில்லை. கே.டி.எம். 390-இலும் ஹிமாலயன் 450-இலும் குளிர்விக்கும் நீர் உண்டு என்பதால், அங்கே அந்தச் சந்தேகம் நியாயமானது. மெக்கானிக்கிடம் காட்டித் தீர்த்துக்கொள்ள வேண்டும். எதுவாயினும், விற்பதற்கு முன் ஆயிலை மாற்றி, மேட்டுப்பாளையம் வரை ஒரு முறை ஓட்டி வருவது நல்லது. குழம்பை மறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. புது ஆயிலிலும் அது திரும்பத் திரும்ப வருகிறதா என்று விற்பவருக்கே முதலில் தெரிய வேண்டும் அல்லவா?

வண்டியைக் கழுவிப் பளபளப்பாக்கி, ஆள் வருவதற்குள் என்ஜினைச் சூடாக்கி வைத்தால் விலை ஏறும் என்று நினைப்பவர்கள் அநேகம். அனுபவமுள்ளவர் வந்தவுடன் என்ஜினின் மேல் கையை வைத்துப் பார்ப்பார்; சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ குறை இருப்பதாகவே முடிவு கட்டுவார். கோத்தகிரியின் மார்கழிக் காலையில் முதல் அழுத்தலில் உயிர் பெற்று நிற்கும் வண்டியைப் போல நம்பிக்கை ஊட்டும் காட்சி வேறில்லை. அந்தக் காட்சியை வந்தவர் கண்முன்னே நிகழ விடுவதுதான் சாமர்த்தியம். செயினும் அப்படியே. பின் ஸ்பிராக்கெட்டின் பின்முனையில் செயினை விரலால் பிடித்து இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால், கிரீஸ் எவ்வளவு பூசியிருந்தாலும் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. அதை நீங்களே காட்டி, மாற்றுவதற்கான தொகையைக் கழித்துப் பேசினால் பேரம் அங்கேயே நிற்கும். அவர் கண்டுபிடித்தால், மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் பரவும். ஏற்றத்தில் மேல் கியரில் திடீரென்று ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது, வேகம் கூடாமல் என்ஜின் சத்தம் மட்டும் எகிறினால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள்; அதைக் காட்டுவதற்கு நம் ஊரைவிடத் தோதான இடம் கிடையாது.

வண்டியில் மாட்டிய கிராஷ் கார்டு, பக்கப் பெட்டிகள், கூடுதல் விளக்குகள் ஆகியவற்றுக்குச் செலவழித்த பணம் விலையில் திரும்பி வரும் என்ற எண்ணம் பலரையும் ஏமாற்றுகிறது. கழற்றித் தனியே விற்றால் ஓரளவு கிடைக்கும். வண்டியோடு சேர்த்தால், வாங்குபவர் அதை மரியாதைக்குப் பெற்றுக்கொள்வார், விலைக்கு அல்ல. சைலன்ஸரை மாற்றியிருந்தால், பழையதைத் தேடி எடுத்து மாட்டிக் கொடுப்பதே உசிதம். பதிவுச் சான்றிலுள்ள விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு விரோதம். 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் உண்டு.

விலையைப் பற்றி இரண்டு வதந்திகள். 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் பழைய வாகனங்களுக்கான வரியை 18 சதவிகிதமாக்கியபோது, சொந்த வண்டியை விற்பவரும் கட்ட வேண்டும் என்ற பேச்சு கிளம்பியது. அந்த வரி, ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வியாபாரி தம் லாபத்தின் மீது கட்டுவது. தனி மனிதர் இன்னொரு தனி மனிதருக்கு விற்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு, "ஜி.எஸ்.டி. குறைஞ்சிருச்சே, புதுசே மலிவா கிடைக்குதே" என்று பேரம் பேசுகிறார்கள். 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கே 28 சதவிகிதம் 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, செஸ்ஸோடு சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆக உயர்ந்துவிட்டது. ஜி 310 ஜி.எஸ்.-ஐ விற்பவர் அந்தப் பேரத்துக்குச் செவி சாய்க்கலாம், ஹிமாலயனையோ கே.டி.எம். 390-ஐயோ விற்பவர் சாய்க்க வேண்டியதில்லை.

இனி அந்த ஒன்று. பணம் எண்ணி வாங்கி, ஆர்.சி. புக்கையும் இரண்டு சாவிகளையும் கொடுத்து, படிவம் 29-இலும் 30-இலும் தேதி போடாமல் கையெழுத்திட்டு, "பேரை நீங்களே மாத்திக்குங்க தம்பி" என்று அனுப்பிவிட்டால் விற்பனை பூர்த்தியாகிவிட்டது என்பதே நம் மலையில் மிகப் பரவலான நம்பிக்கை. கோத்தகிரியிலிருந்து உதகை ஏறத்தாழ 29 கிலோமீட்டர். கீழ் கோத்தகிரிக்காரருக்கு அதற்கும் மேல். ஒரு நாள் கூலியையும் இலைப் பறிப்பையும் விட்டுவிட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போவானேன் என்று அவர் நினைப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் சட்டம் வேறு விதமாகப் பார்க்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்பது அச்சட்டத்தின் 2-ஆம் பிரிவு தரும் இலக்கணம்.

இதன் தாத்பரியம் என்ன என்பதை 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. கார் ஒன்றை அதன் சொந்தக்காரர் 2007-இல் விற்றுவிட்டதாகச் சொன்னார். அது பிறகு கை மேல் கை மாறிற்று. பதிவேட்டில் மட்டும் ஒருவரும் பெயரை மாற்றவில்லை. 2009-இல் அந்தக் கார் விபத்தில் ஓர் உயிரைப் பறித்தது. கடைசியாக வைத்திருந்தவரே நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறியதை மாற்றி, பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட குடும்பத்தினர், வண்டி எத்தனை கை மாறியது என்று தேடி அலைந்துகொண்டிருக்கக் கூடாது என்பதே அதன் நியாயம். அந்த நியாயத்தை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். முத்திரைத்தாளில் எழுதிய டெலிவரி நோட்டு, வாங்கியவர் மீது பிறகு வழக்குத் தொடர உதவும். விபத்தில் இறந்தவரின் வீட்டாருக்குப் பதில் சொல்ல உதவாது.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று சமாதானம் அடைவதிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு, 157-ஆம் பிரிவின்படி விற்ற நாளிலிருந்து வாங்கியவருக்குத் தானாகவே சேருகிறது என்பது வாஸ்தவம். பாலிசியில் பெயரை மாற்ற அவர் 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனங்களுக்கு 5 வருஷ மூன்றாம் நபர் இன்சூரன்ஸை ஒரே தடவையில் எடுக்கும் முறை வந்தது. அதனால் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பழக்கமே நம்மிடம் அற்றுப்போயிற்று. 2020-இல் வாங்கிய வண்டிக்கு அந்தக் காப்பு 2025-இல் முடிந்திருக்கும். முடிந்ததை அறியாமல் விற்றவர், பெயரும் மாறாமல் இன்சூரன்ஸும் இல்லாமல் ஒரு வண்டியைப் பிறர் கையில் ஓட விட்டிருக்கிறார். விபத்தில்லாமல் ஓட்டிச் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ், வண்டியைச் சேர்ந்ததல்ல, ஓட்டியவரைச் சேர்ந்தது. கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால், மூன்று வருஷத்துக்குள் எடுக்கும் அடுத்த வண்டியின் பாலிசியில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

கடைசித் தவணை கட்டியதும் கடன் தீர்ந்துவிட்டது என்பதும் பாதி உண்மைதான். வங்கியின் தடையின்மைச் சான்றோடு படிவம் 35-ஐக் கொடுத்து, ஆர்.சி.-யிலுள்ள அடமானக் குறிப்பை நீக்கினால்தான் பெயர் மாறும். வயநாட்டிலிருந்தோ மைசூரிலிருந்தோ வருபவருக்கு விற்றால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்றும் வேண்டும். புரோக்கரிடம் விட்டுவிட்டால் தொல்லை இல்லை என்பார்கள். 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிப்படி, அங்கீகாரம் பெற்ற பழைய வாகன வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்து அதை முறைப்படி அறிவித்தால், அன்றிலிருந்து அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரம் இல்லாதவரிடம் கொடுத்த வெற்றுப் படிவத்துக்கு அந்தக் காவல் கிடையாது. அதில் யார் பெயர் எப்போது ஏறும் என்பது அவர் இஷ்டம்.

வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில்தான் மலை ஏறுகிறார்கள். அன்று அலுவலகம் மூடியிருக்கும். அன்றைக்கு வண்டியைக் காட்டி, ஓட்டிப் பார்க்கச் சொல்லி, அட்வான்ஸ் மட்டும் பெற்றுக்கொள்ளுங்கள்; சாவியைக் கொடுப்பதற்கு ஒரு வேலை நாளைக் குறித்து, அவரும் நீங்களுமாக உதகைக்குப் போய், இருவர் கையெழுத்தும் தேதியும் இட்ட படிவங்களைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டின் பிரதியை உங்கள் பெட்டியில் வைத்துக்கொண்டு, மீதிப் பணத்தை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். சில வாரங்கள் கழித்துப் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயர் இன்னும் இருந்தால், அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் உதகைக்குப் போய் ஏன் என்று கேளுங்கள்.