அப்பாயி விரட்டச் சொன்ன பறவை

அன்புள்ள செல்வி,

நீ அனுப்பிய படம் மங்கல்தான். ஆனாலும் அந்த இதய வடிவ வெள்ளை முகமும் கறுத்த கண்ணும் போதும். பொழுது சாய்ந்ததும் உங்கள் பழைய மாட்டுக்கொட்டகைப் பரணில் வந்து உட்காருவது வெண்கூகை. சாக்குருவி, விரட்டு என்கிறார் அப்பாயி. என்ன செய்ய என்று கேட்டிருக்கிறாய்.

விரட்டாதே. அதற்காக அப்பாயியிடம் மூடநம்பிக்கை என்று வாதாடவும் வேண்டாம். அந்தப் பயம் ரொம்பப் பழையது. நற்றிணையின் 83ஆம் பாட்டில் ஒரு தோழி, ஊர்த்துறை மரத்துக் கூகையிடம் நெய்ச்சோறும் சுட்ட எலியும் தருகிறோம், தலைவன் வருகிற நேரத்தில் அலறாதே என்று கெஞ்சுகிறாள். பயந்தவளுக்கும் அது எலி தின்னும் பறவை என்பது தெரிந்திருக்கிறது. அப்பாயியிடம் எலியிலிருந்து பேச்சை ஆரம்பி.

ராத்திரியில் பரணில் பாம்பு சீறுகிறது என்று எழுதியிருந்தாய். அநேகமாகக் குஞ்சுகள், இரை கேட்டு அப்படித்தான் சீறும். ஏணி போட்டு ஏறாதே, டார்ச் அடிக்காதே. படத்தை ஊர்ப் பெயரோடு எங்கும் போட்டுவிடாதே. மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடித்து விற்கிறவர்கள் நம் நாட்டில் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான், ஆனாலும் நடக்கிறது.

உனக்கு வேறு வேலை தருகிறேன். பரணுக்கு நேர் கீழே, கட்டைவிரல் பருமனில் கறுத்த உருண்டைகள் கிடக்கும். எச்சம் இல்லை. எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் கூகை கக்கிப் போடுவது. வெந்நீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்துப் பார்; மண்டையோடுகள் பெரும்பாலும் உடையாமலே கிடைக்கும். (கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, அம்மா என்னைத் திட்டுவாள்.) எத்தனை எலி என்று நாள்வாரியாக நோட்டில் எழுதி வை. நான் சொல்லி அசையாத உன் அப்பா அந்தக் கணக்குக்கு அசைவார்.

அது எப்படி இருட்டில் எலியைக் கண்டுபிடிக்கிறது என்று கேட்டாயே, காதால். அதன் இரண்டு காதுத் துளைகளும் ஒரே உயரத்தில் இல்லை. அதனால் சத்தம் பக்கவாட்டில் எங்கே என்பதோடு மேலேயா கீழேயா என்பதும் பிடிபடுகிறது. கும்மிருட்டு அறையில் சருகுமேல் ஓடும் எலியைச் சத்தத்தை மட்டும் கேட்டே கூகை பிடிக்கிறது என்று அமெரிக்காவில் ரோஜர் பெய்ன் சோதித்துக் காட்டினார். பின்னாளில் திமிங்கிலங்களின் பாட்டை உலகம் கேட்கச் செய்தவரும் அவரே.

அப்பாவிடம் பேச வேண்டியது எலி மருந்து விஷயம். இப்போது உளுந்து எடுத்து வயல் சும்மா கிடக்கிறது. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவைக்கு நாற்று விடுவார். கூடவே எலிக்கு புரோமாடியோலோன் வாங்கி வருவார். அதைத் தின்ற எலி உடனே சாகாது. இரத்தம் உறையாமல் சாகச் சில நாள் ஆகும். அதுவரை தள்ளாடித் திரியும் எலியைப் பிடிப்பது கூகைக்குச் சுலபம். விஷமும் அதோடு உள்ளே போகும். பரணில் இருக்கிற குஞ்சுக்கும் அதுவே சாப்பாடு.

மூங்கிலை வளைத்துச் செய்யும் எலிப்பொறியான தஞ்சாவூர்க் கிட்டி நம் ஜில்லாவின் பெயரிலேயே இருக்கிறது. அதை வைக்கச் சொல். வரப்பு அகலமாக இருந்தால்தான் எலிக்கு வளை தோண்ட வசதி, ஒடுக்கி வெட்டலாம். இஸ்ரேலில் 1983 முதல் வயலோரம் பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியேற்றுகிறார்கள். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் அப்படித்தான். உங்களிடம் பரண் ஏற்கெனவே இருக்கிறது, பெட்டிச் செலவு மிச்சம்.

நட்ட வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக ஊன்றினால் ராத்திரி கூகை அதில் உட்கார்ந்து எலி பார்க்கும். கதிர் பால் பிடிக்கும்போது மட்டைகளைப் பிடுங்கிவிடச் சொல். இல்லாவிட்டால் பகலில் குருவிகள் அதே மட்டையில் உட்கார்ந்து நெல்லைத் தின்னும். அப்புறம் அப்பா மறுபோகத்துக்குச் சம்மதிக்க மாட்டார்.

அன்புடன்,
மாமா