புள்ளியா, ரொக்கமா?

பொங்கல் விடுமுறை நெருங்கிவிட்டால், பெங்களூரில் பயிலும் நம் தமிழ் மாணவரிடையே ஒரு கேள்வி எழுவது வழக்கம். “புள்ளிதான் இருக்கிறதே, விமானத்திலேயே போய்விடலாமா?” என்பதே அது. கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன் என்று நானும் எண்ணியவன்தான். அந்த வெண்ணெயின் எடையை அறியாமல் செலவிட்டுப் பின்னர் வருந்தினேன். அவ்வருத்தம் தோழர்கள் எவர்க்கும் வரலாகாது என்றே இதனை எழுதுகிறேன்.

முதற்கண், புள்ளி என்பது யாது எனக் காண்போம். 1981-ஆம் ஆண்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், தன் விமானங்களில் அடிக்கடி பறப்போர்க்கு, பறந்த மைல்களைக் கணக்கில் சேர்த்து இலவசச் சீட்டு அளிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஏனையோரும் அவ்வழியே சென்றனர். இன்று நம் நாட்டில் ஏர் இந்தியாவுக்கு ‘மகாராஜா கிளப்’, இண்டிகோவுக்கு ‘புளூசிப்’ என்னும் திட்டங்கள் உள்ளன. வங்கிகளின் கடன் அட்டைகளும் புள்ளி வழங்குகின்றன. அவற்றுட் சிலவற்றை விமானக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆக, புள்ளியும் ஒருவகை நாணயமே. அதை அடிப்பவரும் அதன் விலையைக் குறிப்பவரும் ஒருவரே என்பதுதான் அதிலுள்ள சிக்கல்.

இந்நாணயத்தின் மதிப்பை அறியும் வழி எளிது. புள்ளிச் சீட்டுக்கும் வரி, விமான நிலையக் கட்டணம் முதலியவற்றை நாம் பணமாகக் கட்டவேண்டும். அத்தொகையை ரொக்கக் கட்டணத்திலிருந்து கழித்து, எஞ்சியதைப் புள்ளிகளால் வகுக்க வேண்டும். மதுரைக்கு ரொக்கமாயின் 4,200 ரூபாய். புள்ளியாயின் 6,000 புள்ளியும் 900 ரூபாயும் எனக் கொள்வோம். மிச்சமாவது 3,300 ரூபாய். ஒரு புள்ளிக்கு 55 காசு. அதே புள்ளியை வங்கியிலேயே விட்டு, அட்டைப் பாக்கியில் கழித்துக்கொண்டால் 50 காசு கிடைக்குமாயின், விமானச் சீட்டே மேல் என்று தோன்றும்.

ஆனால் அவசரம் கூடாது. ரொக்கச் சீட்டு வாங்கினால் புதிதாக 300 புள்ளி சேருமெனில், புள்ளிச் சீட்டு வாங்குவோர் அதை இழக்கின்றனர். ஆகவே உண்மைச் செலவு 6,300 புள்ளி. மதிப்பு 52 காசாகிறது. மேலும், இண்டிகோ, ஏர் இந்தியா ஆகியவை மாணவர்க்கெனச் சலுகைக் கட்டணமும் கூடுதலாக 10 கிலோ சுமையும் தருகின்றன. அச்சலுகையால் ரொக்கக் கட்டணம் 3,900 ரூபாயாகுமெனில், மதிப்பு 48 காசுக்கும் கீழே இறங்குகிறது. வென்றதாக நினைத்த கணக்கிலே நாம் தோற்றுவிட்டோம்!

இதனினும் முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. புள்ளியே இல்லையெனில் நாம் எப்படிப் போவோம்? 2024 முதல் மதுரைக்கும் பெங்களூர்க் கன்டோன்மென்டுக்கும் இடையே வந்தே பாரத் ரயில் ஓடுகிறது. அத்தகைய ரயிலில் 1,600 ரூபாயில் போகிறவர், புள்ளிச் சீட்டால் மிச்சப்படுத்துவது 700 ரூபாயே. புள்ளிக்கு 12 காசுகூடத் தேறவில்லை! தேவனஹள்ளி நிலையம்வரை செல்லும் செலவோ தனி. நேரத்துக்கும் விலையுண்டு என்பது மெய். அவ்விலையை அவரவரே குறித்துக்கொள்க.

அங்ஙனமாயின் புள்ளியைப் பூட்டியே வைக்கலாமோ? அதுவும் தவறு. புள்ளிக்கு வட்டியில்லை, பெரும்பாலானவற்றுக்குக் கெடுவும் உண்டு. விஜய் மல்லையாவின் கிங்ஃபிஷர் விமானங்கள் 2012 அக்டோபரில் நின்றன. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. பறக்க விமானமே இல்லாதபோது, அவற்றில் பறப்பதற்கென மைல் சேர்த்தவர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இனி என் கதையைச் சொல்கிறேன். சென்ற பொங்கலுக்கு, அக்கா தன் கணக்கிலிருந்து அளித்த 6,000 புள்ளிகளையும் கொடுத்து மதுரைக்குப் பறந்தேன். ரயிலில் இடமிருந்தும் பறந்தேன். இரண்டு திங்கள் கழித்து, அப்பத்தாவுக்கு மறுநாட் காலையில் அறுவைச் சிகிச்சை என்று செய்தி வந்தது. அன்று மாலை விமானத்துக்கு ரொக்கக் கட்டணம் 11,400 ரூபாய். அதே 6,000 புள்ளிக்கும் ஓரிடம் இருந்தது. அன்று ஒவ்வொரு புள்ளியும் 1 ரூபாய் 75 காசு பெறும். என்னிடமோ இரண்டுமில்லை. இரவுப் பேருந்தில் சென்றேன். மருத்துவமனையை அடைந்தபோது அறுவை அறையின் கதவு சாத்தியிருந்தது. “உள்ளே போகுமுன் உன்னைத்தான் கேட்டார்” என்றார் அப்பா. அப்பத்தா நலம்பெற்றுவிட்டார், அன்று கணக்குப் பார்க்காத குறை மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆதலால் தோழர்களே, கட்டணம் மலிந்த நாளில் ரொக்கம் கொடுங்கள், அல்லது ரயிலேறுங்கள். கட்டணம் ஏறிய நாளில் புள்ளியைக் கொடுங்கள். கெடு நெருங்கிய புள்ளியை முதலில் செலவிடுங்கள். எவ்வளவு செலவிட்டாலும், திடீரென ஒருமுறை ஊர் போய்ச் சேருமளவுக்குப் புள்ளியோ பணமோ கைவசம் எப்போதும் இருக்கட்டும்.