திருநங்கையரும் கிராமப் பஞ்சாயத்தும்

ஆண்டுதோறும் சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவில் கூடும் திருநங்கையரை நாம் வியந்து காண்கிறோம். ஆயின் நம் ஊரிலேயே அவ்வாறு பிறந்த பிள்ளையை வீட்டைவிட்டு விரட்டுகிறோம். இது முறையாகுமா?

நம் மாநில அரசு 2008-ஆம் ஆண்டில் திருநங்கையர் நல வாரியத்தை அமைத்தது. 2014 ஏப்ரல் 15-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவர்தம் உரிமைகளை உறுதிசெய்தது. அவர்களை வீட்டினின்றோ கிராமத்தினின்றோ வெளியேற்றுவதும், பொது இடங்களில் தடுப்பதும் குற்றமென 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் வகுத்தது.

சட்டம் ஊருக்குள் வருவது பஞ்சாயத்தின் வாயிலாகவே. ஆதலின் அங்கத்தினர்கள் பெற்றோரை அணுகி, பிள்ளையைக் கைவிடாதிருக்க எடுத்துரைத்தல் வேண்டும். திருநங்கையரைக் கிராம சபைக்கு அழைத்து, அவர்தம் குறைகளைக் கேட்டல் வேண்டும். வேளாண்மை செய்வோர் வேலையும் சமகூலியும் அளித்தல் வேண்டும். ஏப்ரல் 15, திருநங்கையர் தினம். அன்று ஊரைவிட்டுச் சென்ற ஒருவரையேனும் மீண்டும் அழைத்து வருவோமாக.